எங்கள் ஊர் சுகாதார நிலையத்திலும் தொக்கணத்துக்கு ஒரு பெண் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்து நாட்களுக்கு முன் உங்கள் பத்திரிகையின் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு ஐயா எழுதியிருந்தார். மசாஜ் என்பது வசதி உள்ளவர்களின் சமாச்சாரம், அரசு மருத்துவமனையில் அதற்கு இடமும் ஆளும் ஒதுக்குவது வீண் செலவு என்று. அந்த மசாஜுக்குத்தான் சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று பெயர். பீடிக்கடையில் இலை வாங்க வரிசையில் நின்றபோது அதை வாசித்தேன். வாசித்ததும் என் வலது கை தானாகத் தோளைத் தொட்டுப் பார்த்தது. அந்த ஐயாவுக்கு என் தோளின் கதையைச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு 54 வயது. 13 வயதில் அம்மையின் பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றப் பழகினேன். பத்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடமும் போனேன், சாயங்காலம் பீடியும் சுற்றினேன். இந்தத் தொழிலை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் நாள் ராத்திரி இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். காலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து, தகரத் தகட்டை இலைமேல் வைத்து அதன் அளவுக்குக் கத்தரியால் வெட்ட வேண்டும். பிறகு தூள் வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூலால் கட்ட வேண்டும். 25 பீடி ஒரு கட்டு. ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நான் நல்ல உடம்போடு இருந்தபோது ஒரு நாளைக்கு ஆயிரம் சுற்றுவேன். அத்தனை நேரமும் கழுத்து குனிந்தே இருக்கும், தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியே இருக்கும். விரல்தான் வேலை செய்கிறது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். சுமையைத் தாங்குவது கழுத்தும் தோளும்.

போன வருடத்துக்கு முந்தின ஐப்பசியில் வலது தோளில் வலி தொடங்கியது. முதலில் மருந்துக்கடை மாத்திரை, பிறகு தைலம். கார்த்திகை முடிவதற்குள் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. பகலை விட ராத்திரியில் வலி கூடும். தூக்கத்தில் தெரியாமல் அந்தப் பக்கம் புரண்டால் அலறிக்கொண்டு எழுவேன், வீட்டுக்காரர் விளக்கைப் போடுவார். பிறகு கை மேலே போகாமல் ஆனது. கொண்டை போட முடியவில்லை. சேலை முந்தியைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட முடியவில்லை. அடுக்களைப் பலகையில் உப்பு ஜாடியை எடுக்க முக்காலி போட்டு ஏறினேன். குளிக்கும்போது முதுகு தேய்க்க மருமகளைக் கூப்பிடுவதற்கு வெட்கப்பட்டு, பல நாள் முதுகு தேய்க்காமலே குளித்தேன். கத்தரி பிடிக்கிற கை அதுதான் என்பதால் ஆயிரம் பீடி 400 ஆனது.

மார்கழியில் ஒரு தப்பு செய்தேன். பக்கத்து ஊரில் சுளுக்கு எடுப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று சொன்னார்கள், போனேன். அவர் எதுவும் கேட்கவில்லை. எண்ணெயைத் தடவி, என் அக்குளில் முழங்காலை வைத்து, கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். கண் இருட்டிவிட்டது. வீடு வந்து சேர்ந்தபோது தோள் வீங்கி, பத்து நாள் கை அசையவே இல்லை. அவரைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. சுளுக்கு வேறு, என் வியாதி வேறு என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த இழுப்பு என்னை இரண்டு மாதம் பின்னுக்குத் தள்ளிவிட்டது என்று பிறகு மருத்துவர் சொன்னார்.

தை மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு இளம் மருத்துவர்தான் முதல்முறையாக என் கையைப் பிடித்து ஒவ்வொரு திசையாக அசைத்துப் பார்த்தார். முழங்கையை இடுப்போடு ஒட்டி வைக்கச் சொல்லி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். அது துளிகூடத் திரும்பவில்லை. "தோள் இறுகிப்போச்சும்மா, ஃப்ரோசன் ஷோல்டர்" என்றார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. தோள் மூட்டைச் சுற்றிப் பை போல ஒரு சவ்வு இருக்கிறது, அது தடித்துச் சுருங்கிவிட்டது, துவைத்ததும் சுருங்கிய சட்டையில் கை நுழையாத மாதிரி என்று விளக்கினார். 40 முதல் 60 வயதுக்குள், அதிலும் பெண்களுக்கு இது கூடுதலாக வருமாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகமாம். எனக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. அன்று வெறும் வயிற்றில் 212 இருந்தது. மாத்திரையைக் கூட்டினார், பாளையங்கோட்டைக்குப் போய்ப் பாருங்கள் என்று சீட்டு எழுதினார்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-ல் தொடங்கியது. எங்கள் பக்கத்து ஊர்களில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் காமாலைக்கும் தோல் வியாதிக்கும் மட்டும்தான் அங்கே போக வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். சித்த மருத்துவத்தில் உள்ளுக்குச் சாப்பிடுகிற மருந்து போல, வெளியே செய்கிற புற மருத்துவமும் 32 வகை இருக்கிறது என்று அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். ஒற்றடம், பற்று, கட்டு போல அதில் ஒன்றுதான் தொக்கணம். நாம் மசாஜ் என்று சொல்வதற்கு நம்முடைய பழைய சொல். தொக்கணத்திலேயே ஒன்பது விதம் உண்டு: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். அந்த ஒன்பதில் எது யாருக்கு வேண்டும், எது கூடாது என்று தெரிந்து செய்வதுதான் வைத்தியம். என் தோளுக்கு அவர்கள் சொன்ன பெயர் கும்பவாதம்.

எண்ணெயைத் தொடுவதற்கு முன் அங்கே அரை மணி நேரம் கேள்விதான். காய்ச்சல் இருக்கிறதா, கீழே விழுந்தீர்களா, இரத்தத்தை இளக்குகிற மாத்திரை சாப்பிடுகிறீர்களா, மார்பில் கட்டி ஏதும் உண்டா என்று கேட்டார்கள். இரண்டு காலின் கெண்டைச் சதையையும் அமுக்கிப் பார்த்தார்கள். கண்ணை மூடச் சொல்லி விரல் நுனிகளைத் தொட்டுத் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று சோதித்தார்கள். எதற்கு இத்தனையும் என்று கேட்டேன். பதிலைப் பின்னால் எழுதுகிறேன், ஏனென்றால் அது எல்லாரும் அறிய வேண்டியது.

எனக்குத் தொக்கணம் செய்தவர் ஒரு பெண். அதற்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. திரைக்குப் பின்னால் முதுகில்லா முக்காலியில் உட்கார வைத்து, வெதுவெதுப்பான தைலத்தை முதலில் தன் மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தார். வலிக்கிற இடத்தில் அவர் கை வைக்கவே இல்லை. கழுத்தின் அடியில், முதுகுச் சிப்பி எலும்பின் ஓரத்தில், மேல்கைச் சதையில் என்று சுற்றியிருக்கிற இடங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டார். சிப்பி எலும்புக்கு மேலே நெல்லிக்காய் மாதிரி ஒரு முடிச்சு. அதைக் கட்டைவிரலால் அழுத்தி, நான் மூச்சை விடும்வரை காத்திருந்து, பிறகு விட்டார். "40 வருஷப் பீடி இங்கதான் உட்கார்ந்திருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அது வலியால் வந்ததில்லை. அத்தனை வருடத்தில் அந்த இடத்தைத் தேடி யாரும் தொட்டதில்லை. கடைசியில் முழங்கையைத் தாங்கிப் பிடித்து, கையை மெதுவாகச் சின்ன வட்டமாக அசைத்தார். நான் பல்லைக் கடித்தால் உடனே நிறுத்தினார். பிறகு நொச்சி இலைக் கிழியால் ஒற்றடம்.

அன்று ராத்திரி நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன். நான்கு மாதத்தில் அதுதான் முதல்முறை.

ஆனால் பாளையங்கோட்டை மருத்துவர் முதல் நாளே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். தொக்கணம் வலியைக் குறைக்கும், இறுகிய சதையை இளக்கும், தூக்கம் வரும். சுருங்கிய சவ்வை விரிக்க வேண்டியது நீங்கள் வீட்டில் செய்கிற பயிற்சி. வலியோடு பயிற்சி செய்ய முடியாது, பயிற்சி இல்லாமல் கை மேலே போகாது, அதனால்தான் இரண்டும் வேண்டும் என்றார். இது தானாகவும் மெல்ல மெல்ல இளகக்கூடிய வியாதிதான், ஆனால் அதற்கு ஒரு வருடம், இரண்டு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் என்றும் மறைக்காமல் சொன்னார். அந்த உண்மையைச் சொன்னதால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

வீட்டில் செய்தது இதுதான். காலையிலும் ராத்திரியும் இடது கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலது கையில் அரைச் செம்புத் தண்ணீரோடு கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டுவேன். உத்தரத்தில் பழைய சேலையைப் போட்டு, ஒரு முனையை இடது கையால் இழுத்தால் மறுமுனையைப் பிடித்த வலது கை மேலே போகும். பிறகு சுவரைப் பார்த்து நின்று விரல்களால் எறும்பு போல ஏற வேண்டும், ஏறின உயரத்தில் கரிக்கோடு போட வேண்டும். முதல் கோடு என் நெற்றிப் பொட்டு உயரத்தில் இருக்கிறது. பதினைந்து நாள் கழித்து இரண்டு விரல் மேலே. நடுவில் ஒரு வாரம் சர்க்கரை கூடி, கோடு கீழேயே இறங்கியது. மாசியில் தொடங்கிச் சித்திரை வரை 19 தடவை பாளையங்கோட்டை போய் வந்தேன். ஆவணியில் என் பேத்தி பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்தாள். முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் 13 அங்குலம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது வீட்டுக்காரர் அந்தச் சுவரையும் அடிக்கப் பார்த்தார், நான் விடவில்லை.

இன்றைக்கு நானே கொண்டை போடுகிறேன். முதுகுக்குப் பின்னால் கை இன்னும் முழுசாகப் போகவில்லை. பீடி 700 சுற்றுகிறேன், மணிக்கு ஒருதரம் எழுந்து நின்று தோளை உருட்டுகிறேன். என்னைக் குணமாக்கியது தொக்கணமா, பயிற்சியா, சர்க்கரை மாத்திரையா, நாள் கடந்ததா என்று கேட்டால், எல்லாமும்தான் என்பேன். ஆனால் தொக்கணம் இல்லாமல் போயிருந்தால் அந்த வலியில் நான் பயிற்சியைத் தொட்டிருக்கவே மாட்டேன். இது எனக்கு உறுதியாகத் தெரியும்.

இனி, அந்தக் கேள்விகளின் காரணம். கெண்டைச்சதை ஒரு காலில் மட்டும் வீங்கி, சூடாக, வலியாக இருந்தால் அங்கே இரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தேய்த்தால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுத்துவிடலாம். காய்ச்சல், புண், எலும்பு முறிவு, புற்றுநோய்க் கட்டி இருக்கும்போதும் மருத்துவரைக் கேட்காமல் தேய்க்கக் கூடாது. இரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அழுத்தித் தேய்த்தால் உள்ளே கன்றிப்போகும். சர்க்கரையால் உணர்வு மரத்துப்போனவர்களுக்கு ஒற்றடச் சூடு தெரியாது. எங்கள் தெருவில் ஒரு ஆச்சி செங்கலைச் சுட்டுத் துணியில் சுற்றிப் பாதத்தில் வைத்துவிட்டு, கொப்புளம் வந்த பிறகுதான் பார்த்தார். ஆறுவதற்கு மூன்று மாதம் ஆனது. இரக்கத்தோடு கை வைத்தால் மட்டும் போதாது, படித்த கையாகவும் இருக்க வேண்டும். அரசு இதைச் செய்ய வேண்டும் என்று நான் கேட்பதே இதனால்தான். அரசு செய்யாவிட்டால் ஜனங்கள் தேய்க்காமல் இருந்துவிட மாட்டார்கள், என் அக்குளில் முழங்கால் வைத்தவர் போன்றவர்களிடம் போவார்கள்.

ஆசிரியர் ஐயா, உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மசாஜ் என்ற சொல் பத்திரிகைகளில் பெரும்பாலும் வருவது போலீஸ் சோதனைச் செய்தியில்தான். அதை வாசித்து வாசித்து, எங்கள் ஊரில் அந்தச் சொல்லைப் பெண்கள் வாயால் சொல்லவே கூசுகிறார்கள். நான் பாளையங்கோட்டைக்குப் போவதாகச் சொன்னபோது என் அண்ணனே, "இந்த வயசில் இது என்ன பழக்கம்?" என்று கேட்டார். பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் பச்சைக் குழந்தைக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட, என் சின்ன வயதில் ஊருக்கு ஊர் கைராசியான பெண்கள் இருந்தார்கள். என் மூன்று பிள்ளைகளையும் காலை நீட்டி மடியில் போட்டுத் தேய்த்தவர் அப்படி ஒருவர்தான். அவருக்கு நாங்கள் கொடுத்தது நாழி அரிசியும் பழைய சேலையும். கொடுக்காமல் விட்டது மரியாதை. அவர் மகள் அந்த வேலைக்கு வரவில்லை, வரவேண்டும் என்று கேட்கும் யோக்கியதையும் எங்களுக்கு இல்லை. அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்களானாலும், எங்களைப் போன்ற வேறு பெண்களானாலும், விருப்பம் உள்ளவர்களுக்கு முறையான பயிற்சியும் சான்றிதழும் மாதச் சம்பளமும் கொடுத்து, வெள்ளைக் கோட்டு போட்டு உட்கார வைத்தால், கூச்சம் தானாகப் போய்விடும். உங்கள் பத்திரிகையும் தொக்கணத்தைப் பற்றி மருத்துவப் பக்கத்தில் எழுத வேண்டும்.

நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் சித்தப் பிரிவு இருக்கிறது. மருத்துவர் சூரணம் தருகிறார், தைலமும் தருகிறார். "வீட்டில் யாரையாவது தேய்க்கச் சொல்லுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார். தேய்க்க ஆள் இல்லாததால்தான் அப்படிச் சொல்கிறார். அங்கே பயிற்சி பெற்ற ஒரு பெண், ஒரு முக்காலி, ஒரு திரை, வாரத்தில் மூன்று நாள். இவ்வளவுதான். எங்கள் தெருவில் பக்கவாதம் வந்த ஒரு பெரியவருக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி செய்பவர் வீட்டுக்கே வருகிறார். 2021-ல் அந்தத் திட்டம் வந்தது எத்தனையோ வீடுகளுக்குப் பெரிய ஆறுதல். அவர்கள் வரும் நாளில் தெருவில் ஒரு பொது இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து, பீடி சுற்றும் பெண்களின் கழுத்தையும் தோளையும் பார்த்து இரண்டு பயிற்சி சொல்லிக் கொடுத்தால், பாதிப் பேருக்கு என் நிலைமை வராமலே தடுத்துவிடலாம்.

ஏன் பாளையங்கோட்டையே போதாது என்று கேட்பார்கள். எங்கள் ஊரிலிருந்து ஆலங்குளம், அங்கிருந்து திருநெல்வேலி, அங்கிருந்து பாளையங்கோட்டை. மூன்று பேருந்து. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் திரும்பும்போது மதியம் இரண்டரை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அது உதவிதான். ஆனால் அன்று சுற்றாத பீடிக்குக் கூலி யார் தருவார்? 19 நாள் நான் போனேன் என்றால், மகன் சம்பாதிக்கிறான், மருமகள் சோறு ஆக்குகிறாள். அது இல்லாத பெண்கள் மாத்திரையை விழுங்கிவிட்டு ராத்திரி உட்கார்ந்தே தூங்குகிறார்கள்.

மத்திய அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 1976-ல் வந்த சட்டத்தால் பீடிக்கு ஒரு தனி வரி விதித்து, அதில் சேர்ந்த நல நிதியில்தான் எங்களுக்கு மருந்தகங்களும் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவியும் நடந்தன. என் மூத்தவன் அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கிப் படித்தவன். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது அந்த வரி நீக்கப்பட்டுவிட்டது. வரி போனாலும் வலி போகவில்லை. பீடித் தொழிலாளர் மருந்தகங்களில் மாத்திரையோடு ஒரு பிசியோதெரபிஸ்டையும் தொக்கணம் செய்யும் ஒரு பெண்ணையும் அமர்த்துங்கள். கழுத்தும் தோளும் எங்களுக்குத் தொழிற்கருவி. டிரைவருக்குக் கண் பரிசோதனை செய்வது போல எங்களுக்கு வருடத்துக்கு ஒருதரம் கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள்.

பீடிக்கடையில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிற மைனி ஒருத்தி, 47 வயது, போன வாரம் இடது கையால் தலை சீவிக்கொண்டிருந்தாள். வலது கையை என்னவென்று கேட்டேன், "சும்மா பிடிச்சிருக்கு" என்றாள். முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து வெளியே திருப்பச் சொன்னேன். பாதிதான் திரும்பியது. வரும் செவ்வாய்க்கிழமை அவளைச் சுகாதார நிலையத்துக்கு நானே கூட்டிப் போகிறேன். சர்க்கரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். முடிந்தால் இந்தக் கடிதத்தை அதற்குள் வெளியிடுங்கள். திங்கள்கிழமை கணக்குக் கொடுக்க எல்லாரும் கடைக்கு வருவார்கள், வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
பீடி சுற்றும் பெண் ஒருவர்,
ஆலங்குளம் வட்டம், தென்காசி மாவட்டம்.